உலாவுதல் பாவமாகுமா?

சென்ற சித்திரைத் திங்களில், கோடை விடுமுறைக்காக எம் இல்லம் வந்திருந்த பேத்தி ஒரு மாலைப் பொழுதில் என்னை நெருங்கி, "தாத்தா, ஊசுட்டேரிக்குப் போய்க் கரைமேல் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாமா?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்கு முன்னரே அடுக்களையிலிருந்து என் துணைவியாரின் குரல் வந்தது: "உங்க தாத்தா வரமாட்டார். காரியம் இல்லாமல் நடந்தால் பாவம் என்று நூலில் எழுதியிருக்கிறதாம்." பத்து வயது நிரம்பிய அச்சிறுமி என் முகத்தை உற்று நோக்கி, "நடந்தாலே பாவமா தாத்தா?" என்றாள்.

துணைவியார் கூறியதில் கேலி இல்லை, கோபமும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன சொல்லை அப்படியே திருப்பிச் சொன்னார், அவ்வளவே. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவ்வினாவுக்கு நேர்மையான விடை எது என்று நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவ்வாறு எண்ணியவற்றைச் சிராவக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளும் பொருட்டே இதனை வரைகின்றேன்.

மேட்டுப்பாளையம் என்றவுடன் நீலகிரி அடிவாரத்து ஊரும் உதகைக்கு ஏறிச் செல்லும் மலை இரயிலும் பலருக்கு நினைவு வரும். எம்முடையது அதுவன்று; புதுவையை ஒட்டிய மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டையும் சரக்கு வாகன முனையமும் அமைந்த இடம். இரும்பு அறுக்கும் ஓசையும் லாரிகளின் புகையுமே எமக்கு அண்டை அயலார். திண்டிவனம் வட்டத்துக் கிராமம் ஒன்றில் ஜினாலயத்தின் நிழலில் வளர்ந்தவர் என் துணைவியார். பட்டறை ஒன்றில் எனக்குக் கணக்கர் வேலை கிடைத்ததால் இங்கே குடிவந்தோம். வந்த புதிதில், ஒரு ஞாயிறு மாலை, மேற்கே ஏரி ஒன்று இருக்கிறதாமே, பார்த்து வரலாமா என்று அவர் கேட்டார். அனர்த்த தண்ட விரதத்தை எடுத்துக்காட்டி, வீண் நடை கூடாது என்றேன். அதன்பின் அவர் கேட்கவே இல்லை.

நான் எடுத்துக்காட்டிய நூற்கருத்து பொய்யன்று. சமந்தபத்திர ஆசாரியார் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்கு உரிய குணவிரதங்களுள் ஒன்றாக அனர்த்த தண்ட விரதம் கூறப்படுகின்றது. பயனின்றி உயிர்களுக்குத் துன்பம் விளைவிக்கும் செயல்களை விலக்குதலே அதன் பொருள். தமிழில் அருங்கலச்செப்பும் அந்நெறியையே பின்பற்றி உரைக்கின்றது. இப்பயனற்ற தீமை ஐவகைப்படும். பாவச் செயலுக்கு வழி சொல்லும் பாபோபதேசம், கொலைக்குரிய கருவிகளை வழங்கும் இம்சாதானம், பிறர் கெட வேண்டும் என்று எண்ணும் அபத்தியானம், மனத்தைக் கெடுக்கும் கதைகளைக் கேட்கும் துஸ்ருதி, மறதியோடு ஒழுகும் பிரமாத சரியை என்பன அவை. ஐந்தாவதாகிய பிரமாத சரியையின் கீழ், வீணாக மண்ணைக் கிளறுதல், நீரை அலைத்தல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடி கொடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு, வீணாகச் சுற்றித் திரிதலும் பிறரைத் திரியச் செய்தலும் எண்ணப்பட்டுள்ளன. ஆகவே, உலாவுதலைக் குறித்து ஆசாரியார் எச்சரித்திருக்கின்றார் என்பது உண்மையே.

ஆனால் அன்று அதே ஞாயிறு மாலையை நான் எவ்வாறு கழித்தேன்? ஏரிக்குப் போகாமல் மிஞ்சிய நேரத்தைச் சாமாயிகத்திலோ நூல் ஓதுவதிலோ செலவிட்டேனா? இல்லை. அண்டை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, யார் வீட்டில் என்ன சண்டை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பட்டறையில் என்னைவிட முன்னேறிய ஒருவர் எப்போது சறுக்குவார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். துஸ்ருதியும் அபத்தியானமும் அதே விரதத்தின் நான்காவது, மூன்றாவது கூறுகள். ஐந்தாவதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் மனமார மீறிக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னால், வாரம் முழுவதும் உழைத்த உடம்புக்கு எழுந்து நடக்க மனம் இல்லை. சோம்பலுக்கு விரதம் என்று பெயர் சூட்டினேன். விரதத்தைக் காட்டி மற்றொருவர் விருப்பத்தை அடக்குவது எளிது. அவரும் சமயப் பற்றுடையவராயின் மறுத்துப் பேசமாட்டார். இல்லறத்தில் இத்தகைய கொடுமை ஓசையின்றி நிகழ்கின்றது.

சரி, என் குறை ஒருபுறம் இருக்கட்டும். வினா இன்னும் அப்படியே இருக்கின்றது. இளவேனிற் காலத்தில், புங்கமும் வேம்பும் பூத்திருக்கும்போது, மனைவி மக்களோடு சோலையிலும் ஏரிக்கரையிலும் உலாவி மகிழ்வது சிராவகனுக்குத் தகுமா?

இவ்வினாவுக்கு நம் தமிழ்க் காப்பியங்களிலே ஒரு நல்ல வழிகாட்டி இருக்கின்றார். அவர் கவுந்தியடிகள். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில், புகாரை விட்டு மதுரை நோக்கிப் புறப்படும் கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக அச்சமணத் துறவியார் வருகின்றார். புறப்படுமுன் அவர் வழியின் இயல்பைக் கூறுகின்றார். சோலை வழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகத்தின் உதிர்ந்த பூக்கள் மூடி மறைத்திருக்கும் என்கிறார். வயல் வழியே சென்றால், கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து பொய்கை நீரில் கலந்திருக்கும். தாகத்தால் கண்ணகி அதனைக் கையால் அள்ளிப் பருகிவிடவும் கூடும். களை பறிப்போர் வரப்பிலே இட்ட குவளைப் பூக்களில் வண்டுகள் தங்கியிருக்கும். நடந்த களைப்பில் அறியாமல் அதன்மேல் அடி வைத்துவிடக் கூடும். நீர்க்கரையில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கினால் அத்துன்பம் தாங்கத் தக்கதன்று.

இப்பகுதியை இளமையில் பள்ளியில் படித்தபோது சோழநாட்டு வளத்தைப் புலவர் வருணிக்கின்றார் என்றே ஆசிரியர் விளக்கினார். இப்போது படிக்கும்போது, ஒரு சிராவகி எவ்வாறு நாட்டுப்புறத்தில் நடக்க வேண்டும் என்பதற்கான பாடமாகவே எனக்குத் தோன்றுகின்றது. தேன் நமக்கு விலக்கப்பட்டது; அது நீரில் கலந்திருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். மென்மையான பூக்குவியலாயினும், அதற்குள் உயிர் இருக்கும். முனிவர்க்கு உரிய இரியா சமிதியை, அதாவது முன்னே நான்கு முழத் தொலைவு நிலத்தைப் பார்த்து அடி வைக்கும் ஒழுக்கத்தை, இல்லறத்தார்க்கு இயன்ற அளவில் அடிகளார் கற்பிக்கின்றார். இவ்வளவும் கூறியவர், 'ஆகவே போகாதீர்கள்' என்று முடிக்கவில்லை. காத்து நடக்குமாறு கூறி, தாமும் உடன் நடந்தார். அவர்களுக்கு மதுரைக்குப் போகும் காரியம் இருந்தது. உமக்கு என்ன காரியம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதற்குப் பின்னர் வருகின்றேன்.

சோலைக்குச் செல்வதைப் பற்றி வேறு இரு காப்பியங்கள் பேசுகின்றன. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியின் இறுதியில், முத்தியிலம்பகத்திலே, சீவகன் தன் தேவியரோடு சோலையில் மகிழ்ந்திருக்கின்றான். அங்கே ஓர் ஆண் குரங்கு, ஊடிய தன் மந்தியைத் தணிவிக்கப் பலாப்பழம் ஒன்றைக் கொண்டு வந்து கொடுக்கின்றது. தோட்டக் காவலன் அவற்றை விரட்டிவிட்டு அப்பழத்தைத் தான் எடுத்துக்கொள்கின்றான். பார்த்துக்கொண்டிருந்த சீவகனுக்கு, பழத்தை இழந்த குரங்கு தன்னிடம் அரசை இழந்த கட்டியங்காரனாகவும், பறித்த காவலன் தானாகவும் தெரிகின்றது. அங்கிருந்தே அவன் உள்ளம் துறவை நோக்கித் திரும்புகின்றது.

யசோதர காவியத்திலும் ஒரு சோலை வருகின்றது. யசோமதி மன்னன் தன் தேவியோடு அங்கே தங்கியிருக்கின்றான். அதே சோலையில் வேறொரு பக்கத்தில் முனிவர் ஒருவர் அறம் உரைக்க, காவலன் கூண்டிலிட்டுக் கொணர்ந்த இரு கோழிகள் அதனைக் கேட்டு மகிழ்ந்து கூவுகின்றன. கண்ணால் காணாமல் ஓசையைக் கேட்டே குறி வைக்கும் தன் வில்திறனைத் தேவிக்குக் காட்ட விரும்பிய மன்னன் அம்பு எய்கின்றான். கோழிகள் மடிகின்றன. அவை முற்பிறவியில் அவனுடைய தந்தையும் பாட்டியும் என்பது கதை. உணவுக்காகவும் அன்று, பகைக்காகவும் அன்று. துணைவியின் முன் ஒரு கணம் பெருமை கொள்வதற்காகச் செய்த செயல் அது. அனர்த்த தண்டம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இரு மன்னரும் சோலைக்குச் சென்றவர்களே; இருவரும் குடும்பத்தோடு சென்றவர்களே. ஒருவன் பார்த்தான், மற்றொருவன் தன்னைப் பிறர் பார்க்க வேண்டும் என்று விரும்பினான். இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்த்தால், ஆசாரியார் பிரமாத சரியை என்று பெயரிட்டதன் நுட்பம் விளங்கும். பிரமாதம் என்பது மறதி, கவனமின்மை. கால் நடப்பதை அன்று, மனம் உறங்குவதையே அச்சொல் முதலில் குறிக்கின்றது. சோலை தன்னளவில் நமக்குப் பகையாயின், தீர்த்தங்கரர்கள் சோலைகளிலே தீட்சை ஏற்றிருப்பார்களா? சமவசரணத்திலே அசோகம், ஏழிலைப்பாலை, சண்பகம், மா என நால்வகை வனங்கள் அமைந்திருக்குமா?

இங்கே என் மனத்தின் தந்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். முன்பு வீட்டிலே இருப்பதற்கு நூலைத் துணைக்கு அழைத்த மனம், இப்போது வெளியே போவதற்கு அதே நூலைத் துணைக்கு அழைக்கின்றது. மனம் கைதேர்ந்த வழக்கறிஞர், எக்கட்சிக்கும் வாதாடும். ஏரிக்கரையில் காற்று வாங்குவது அறச்செயல் என்றோ, வினை கட்டாது என்றோ நான் கூற வரவில்லை. இனிய காட்சியில் விருப்பம் உண்டு. விருப்பம் உள்ள இடத்தில் பந்தமும் உண்டு. இல்லறத்தான் அவ்விருப்பத்தை முற்றிலும் விட்டவன் அல்லன், அளவிட்டுக்கொண்டவன். அவனுக்கு உரிய விரதங்கள் அனைத்தும் அளவு பற்றியவையே.

அளவு என்னும்போது, உலாவுக்கு நேரே பொருந்தும் விரதம் தேசாவகாசிகம். வாழ்நாள் முழுவதற்கும் திசைகளின் எல்லையை வகுப்பது திக்விரதம். அப்பெரிய எல்லையை இன்றைக்கு, இவ்வாரத்துக்கு, இம்மாதத்துக்கு என்று மேலும் சுருக்குவது தேசாவகாசிகம். எல்லையை எவ்வாறு குறிப்பது? வீடு, ஊர், வயல், ஆறு, காடு எனக் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களால் குறிக்கலாம் என்கிறார் ஆசாரியார். இவ்வரியை எத்தனையோ முறை படித்திருந்தும், அவ்வடையாளங்களை அறியாதவன் எல்லை வகுப்பது எங்ஙனம் என்று நான் எண்ணியதில்லை. எனக்கு மேற்கெல்லை எது? ஊசுட்டேரி என்று வாயால் சொல்வேன். முப்பது ஆண்டுகளில் அதன் கரையில் ஒரு நாளும் நின்றதில்லை.

அவ்வேரி நமக்கு முற்றிலும் அயலானதும் அன்று. நம்மவர் தொன்றுதொட்டு வாழும் வீடூரின் அருகே அணை கடந்து வரும் சங்கராபரணி ஆற்று நீரே சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக அங்கு வந்து சேர்கின்றது. புதுவை, தமிழ்நாடு என இரு எல்லைகளிலும் பரந்து கிடக்கும் அதன் புதுவைப் பகுதி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; பின்னர்த் தமிழ்நாடும் தன் பகுதியை அவ்வாறே அறிவித்தது. ஒரு காலத்தில் துப்பாக்கிக்கு அஞ்சிய பறவைகளுக்கு அரசே அபயம் அளித்த நீர்நிலை நம் வாயிலிலே இருக்கும்போது, நம் குடும்பங்கள் விடுமுறை வந்தால் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இரவோடு இரவாக வண்டி ஓட்டிச் செல்கின்றன. வண்டியின் முகப்புக் கண்ணாடியில் காலையில் ஒட்டிக்கிடக்கும் பூச்சிகளை எண்ணிப் பார்த்தவர் உண்டா? போன இடத்தில் சூரியன் மறையுமுன் உணவு முடிவதில்லை. கிழங்கு கலவாத உணவு கிடைப்பதும் அரிது. வார இறுதிதோறும் வெளியூரார் புதுவைக்கு வந்து குவிகின்றனர். நாம் அவர்கள் ஊருக்குப் போகின்றோம். அருகில் உள்ளதைக் காணாமையே தொலைவுக்கு ஓடச் செய்கின்றது என்று தோன்றுகின்றது.

பூவைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். போகோபபோக பரிமாண விரதத்தில், ஒருமுறை துய்த்தவுடன் கழிந்துபோவது போகம் என்றும், மீண்டும் மீண்டும் துய்க்கத்தக்கது உபபோகம் என்றும் பிரித்துரைப்பர். பூவும் உணவும் முதல் வகை. ஆடை முதலியன இரண்டாம் வகை. பறித்த பூவுக்கே இது பொருந்தும் என்பது என் எண்ணம். கிளையில் இருக்கும் கொன்றையை இன்று நான் காணலாம், நாளை மற்றொருவர் காணலாம், வண்டும் வரலாம். பறித்தவுடன் அது ஒருவருடைய ஒரு மாலைப் பொழுதோடு முடிந்துவிடுகின்றது. வேப்பம்பூவையும் தாழம்பூவையும் ஆசாரியார் வெளிப்படையாகவே விலக்கியிருக்கின்றார்: பயன் சிறிது, அழியும் உயிர்கள் பல என்பது காரணம். சித்திரை முதல் நாளில் அண்டை வீடுகளில் வேப்பம்பூப் பச்சடி மணக்கும்போது, நம் வீட்டுப் பிள்ளைகள் நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்பார்கள். பூத்த வேம்பின் அடியில் அழைத்துச் சென்று, ஒரு கொத்தில் எத்தனை சிற்றுயிர்கள் ஊர்கின்றன என்று காட்டினால் போதும். காரணத்தைக் கண்ணாலே கண்ட பிள்ளைக்கு விலக்கு சுமையாக இராது.

பயன் என்ன என்ற கேள்வியை முன்பு நிறுத்தி வைத்தேன். இதுவே அதற்கு விடை. நூலில் ஓரறிவுயிர், ஈரறிவுயிர் என்று மனப்பாடம் செய்யும் பிள்ளை, நத்தையை நேரில் பாராமல் எந்த உயிரைக் காக்கும்? தொலைக்காட்சியின் முன்னும் கைப்பேசியின் முன்னும் அமர்ந்த பிள்ளையின் காலில் எறும்பு மிதிபடுவதில்லை. அதனால் அது அகிம்சையைக் கற்றுக்கொண்டது என்று சொல்லிவிட முடியாது.

காலத்தையும் கருத வேண்டும். முனிவர்கள் மழைக்காலத்தில் புல்லும் புழுவும் பெருகுவதால் சாதுர்மாஸ்யம் கொண்டு ஓரிடத்தில் தங்குகின்றனர். அது ஆடியில் தொடங்கித் தீபாவளியை ஒட்டி முடிகின்றது. நம் கடற்கரைப் பகுதியிலோ வடகிழக்குப் பருவமழை வலுப்பது ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆகவே இல்லறத்தார் நாட்காட்டியை மட்டும் பாராமல் நிலத்தையும் பார்க்க வேண்டும். ஏரிக்கரை பசுமை போர்த்திருக்கும் அந்த இரு மாதங்களில் அங்கே நடவாதிருப்பதே நன்று. பங்குனி, சித்திரையில் தடம் காய்ந்து வெறும் மண்ணாகத் தெரியும். அடி வைக்கும் இடம் கண்ணுக்குப் புலப்படும். அப்பருவத்தில் உலாவ இன்பமும் உண்டு, ஏதமும் குறைவு.

மறுநாள் காலை, தேசாவகாசிக எல்லையாக ஏரிக்கரையின் முதல் மதகை மனத்தில் கொண்டேன். மாலை நான்கு மணிக்கு ஆட்டோ ஒன்றை அமர்த்தி மூவரும் புறப்பட்டோம். வடிகட்டிக் காய்ச்சிய நீரும், பொழுது சாயுமுன் உண்பதற்கு எலுமிச்சஞ்சோறும் என் துணைவியார் எடுத்துக்கொண்டார். குளிர்காலத்து விருந்தாளிகளான வாத்துகள் வடதிசை திரும்பிவிட்டிருந்தன. ஆயினும் நீர்க்காகங்களும் நாமக்கோழிகளும் கொக்குகளும் இருந்தன. ஏரி வற்றத் தொடங்கியிருந்தது. புல் இல்லாத தடத்தில் நடந்தோம். பேத்தி முதலில் ஓடினாள். கவுந்தியடிகளின் கதையைச் சொன்ன பின் நிலத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். புங்க மரத்தடியில் பூக்கள் பாய் விரித்தாற்போல் உதிர்ந்து கிடந்தன. உதிர்ந்ததுதானே என்று ஒரு பிடி அள்ளியவள், உள்ளங்கையைப் பார்த்து, "தாத்தா, எறும்பு!" என்று கூறி, எடுத்த இடத்திலேயே மெல்ல இறக்கி வைத்தாள். நான் சொல்லித்தரவில்லை.

என் துணைவியாருக்கு இப்போது முழங்கால் வலி. மதகு வரை வருவதற்குள் இரண்டு இடங்களில் நின்றார். மதகுச் சுவரில் அமர்ந்து நீண்ட நேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் கரை முழுவதும் நடந்திருப்பார். அதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். பேத்தி அருகில் இருந்ததால் நா எழவில்லை. பொழுது இறங்கத் தொடங்கவே உண்டு முடித்தோம்.

ஆட்டோவை நோக்கித் திரும்பும்போது, "அடுத்த மதகு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். அரைக் கல் இருக்கலாம், ஆனால் இன்றைய எல்லை இதுதான் என்றேன்.

"தெரியும். இன்றைக்குக் கேட்கவில்லை. நாளைக்குக் காலையில் எல்லை எடுக்கும்போது அந்த மதகு வரைக்கும் எடுங்க" என்றார்.